உன் முட்டியில் நான் கை வைக்க மாட்டேன்

ஆரோக்கியம், உன் அம்மா ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். எப்போதும் கோயில் உபதேசியார்தான் நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவார். இந்தச் சங்கதியை அவரை வைத்து எழுத முடியாது. அதனால் நானே எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் இரண்டே வருஷம் படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலு தடவை படித்துவிட்டேன். வலது முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வலிக்கிறது, படி ஏறும்போது அவ்வளவாகத் தெரியவில்லை, இறங்கும்போதுதான் குத்துகிறது, ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் மறந்துபோகிறது, ஆட்டம் முடிந்து உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்று வாரத்தில் ஈப்போ பாடாங் மைதானத்தில் பெரிய ஆட்டம் இருக்கிறதாம், நீ இல்லாமல் முன்வரிசை நடக்காதாம். "அம்மா, நீ பிறை ஸ்டேஷனில் ரயிலேறி வந்து ஒரே ஒரு தடவை நீவிவிட்டால் போதும், உன் கை இரட்டைப் பிள்ளை பெற்ற கை" என்று முடித்திருக்கிறாய். ரயிலேற எனக்குப் பயம் இல்லை மகனே. ஆனால் உன் முட்டியில் நான் கை வைக்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

மேலே படிக்கும் முன் ஒன்று செய். உங்கள் ஆட்டக்காரர்களில் யாராவது தைலம் போட்டுத் தேய்க்கிறேன், இழுத்துவிடுகிறேன், மிதித்துவிடுகிறேன் என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடு. என் பெயரைச் சொல்லியே அனுப்பு. சுளுக்கு எடுக்கிறவள் மகனே வேண்டாம் என்கிறானே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தக் கை எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. ஊர் சொல்லித்தான் கேட்டிருப்பாய். முதலில் சூசை பிறந்தான், அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரம் கழித்து நீ பிறந்தாய். இரண்டாவது பிள்ளை இருக்கிறது என்று மருத்துவச்சிக்கே தெரியாது. உங்கள் இருவரையும் ஒரே சாக்குத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன், நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாட்டுவண்டிக்காரர் பெண்சாதி செசீலி அக்கா கழுத்தைத் திருப்ப முடியாமல் வாசலில் வந்து நின்றாள். "என்னக்கா?" என்றேன். "என்னக்காவா? ரெட்டப் புள்ள பெத்துட்டு என்னான்னு கேக்குறியா? கழுத்தைப் புடிச்சு நீவி வுடுடி" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். "ஒனக்குத் தெரிய வேணாம். ஒன் கைக்குத் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டாள். பயந்து பயந்துதான் நீவினேன். மறுநாள் கழுத்து திரும்பிவிட்டது. அது தானாகவே திரும்பியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரமே நாலு பேர் வந்தார்கள்.

பிறகு கை நிஜமாகவே கொஞ்சம் கற்றுக்கொண்டது. உன் அப்பா காய்ச்சலில் போன பிறகு காலையில் ஆப்பம் சுட்டு விற்பேன், சாயந்திரம் சுளுக்கு எடுப்பேன். துறைமுகத்து ஆட்கள் தோளைப் பிடித்துக்கொண்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் வருவார்கள். பாகான் டாலாமிலிருந்துகூடப் படகேறி வருவார்கள். கணுக்காலைத் தொட்டதும் எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் கை போய்விடும் என்பார்கள். நானும் வாங்கியதில்லை. ஆனால் வேறொன்றை வாங்கிக்கொண்டேன் மகனே. பாசாரில் மீன்காரன்கூட "அக்கா வராங்க, வழி வுடு லா" என்பான். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், அது மிகவும் பிடித்திருந்தது.

நீங்கள் இருவரும் பந்து ஆடத் தொடங்கியதும் உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் என் ஆட்கள் ஆகிவிட்டார்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் சாயந்திரம் வாசலில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். அதில் பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. "எனக்கும் ஒரு தடவை நீவுங்கம்மா, ராசிக்கு" என்பான் ஒருவன். "ஒனக்குக் கால்ல இல்லடா சுளுக்கு, மூளையில" என்பான் இன்னொருவன். சூசை கோல் காவலுக்கு நிற்பவன், நீ முன்னால் ஓடுகிறவன். நீ கோல் போடாமல் வந்த நாட்களில் அவன் உன்னை விடமாட்டான். "நான் பத்து பந்து புடிச்சேன், நீ ஒண்ணு ஒதைக்க மாட்டியா? ரெண்டு காலும் எதுக்கு, சிலுவார் மாட்டவா?" என்பான். நீ பாயைத் தூக்கி அவன் மேல் எறிவாய். அவன் உயரத்தில் போகிற பந்துக்கு எழும்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். தரையில் இறங்கும்போதெல்லாம் இடது காலில்தான் இறங்குவான். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி யோசித்ததில்லை.

உனக்கு ரயில்வே வேலை கிடைத்து ஈப்போ போன பிறகுதான் அவனுக்கு முட்டி வலி வந்தது. நீ எழுதியிருக்கிறாயே, அதே இடம், காலைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். துறைமுகத்துப் படித்துறையில் சரக்குப் படகுக்கு, அந்தத் தொங்காங்குக்கு, இறங்கும்போது குத்துகிறது என்றான். கோயிலில் பிரசங்கம் நீண்டால் காலை மடக்கி உட்கார முடியாமல் நீட்டிக்கொள்வான், முன்னால் இருக்கிறவர் திரும்பி முறைப்பார். நான் கட்டைவிரலால் சில்லுக்குக் கீழே அழுத்தினேன். துள்ளினான். அந்த இடம் கொஞ்சம் தடித்தும் இருந்தது. "நரம்பு சுருண்டிருக்கு, நீவினா அவுந்துடும்" என்றேன். யார் கற்றுக்கொடுத்தது? யாரும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஜாதிக்காய்த் தைலத்தைச் சூடு பண்ணி அந்த ஒரு விரல் இடத்தையே போட்டுத் தேய்ப்பேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். கொஞ்ச நேரத்தில் இடமே மரத்துப் போகும். "இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்து இரண்டு தடவை குதித்துக் காட்டுவான். மறுநாள் ஆடப் போவான். வலி முன்னைவிட அதிகமாக வரும். நான் முன்னைவிட அழுத்தமாகத் தேய்ப்பேன். இப்படியே இரண்டு மாசம். நாலு நாள் ஆடாமல் இரு என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. சொன்னால் என் கையால் ஆகவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

அவன் விழுந்த ஆட்டத்தன்று நீ லீவில் வந்திருந்தாய், உன் பழைய கூட்டாளிகளுக்காக ஆடினாய். நான் பார்த்ததைவிட நீ கிட்டத்தில் பார்த்தவன். யாரும் அவனை இடிக்கவில்லை. ஓடி வந்து எழும்பக் காலை ஊன்றினான், எழும்பவே இல்லை, அப்படியே விழுந்தான். காய்ந்த தென்னம் மட்டை முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று நீதான் சொன்னாய். ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாய். "அம்மா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், எனக்கு இது சரியாப் படல" என்றாய். "எலும்பு ஒடையல, சுளுக்குக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றேன். வாசல் நிறைய ஆள். ஆட்டக்காரர்கள், துறைமுகத்து ஆட்கள், செசீலி அக்கா, எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலை ரயிலுக்கு நீ கிளம்பும்போதும் அதையே சொன்னாய். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். அன்றைக்கு அவன் முட்டியில் கை வைத்ததுமே அது சுளுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சில்லு அதன் இடத்தில் இல்லை. தொடைப் பக்கமாக மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே கெட்டியாகக் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட வேண்டும், எல்லாருக்கும் தட்டுப்படும், இருபது வருஷமாக நான் தொட்ட எல்லா முட்டியிலும் தட்டுப்பட்டது. அவனுக்கு அங்கே என் கட்டைவிரல் உள்ளே அமுங்கியது. பள்ளம். தலையைத் தூக்கிப் பார்த்தேன், அத்தனை முகமும் என்னைப் பார்க்கிறது. "நரம்பு ஏறியிருக்கு. மூணு நாள்ல எறக்கிடுவேன்" என்று சொன்னேன். பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். பயம் கொஞ்சம்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நாளைக்கு இந்த வாசலுக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். அதுதான் நிஜம்.

அப்புறம் செய்ததையும் கேள். சில்லைக் கையால் கீழே தள்ளி, முட்டைவெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசித் துணி சுற்றிக் கட்டினேன். காலை நீட்டினால் அவனுக்கு வலித்தது, மடக்கி வைத்தால் சுகமாக இருந்தது. அதனால் முட்டிக்குக் கீழே தலையணை வைத்து மடக்கியே வைத்தேன். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், சில்லு மறுபடியும் மேலேதான். திரும்பவும் தள்ளிக் கட்டினேன். சூசை கட்டிலில் படுத்தபடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இந்தக் காலைத் தூக்கணும்னு நெனைக்கிறேன், அது ஏம் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது. யாரோட காலோ மாதிரி கெடக்குது" என்றான். "கொழுப்புடா, ஒன்னை மாதிரியே" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். வீக்கம் வடிந்தது. தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நடக்கிறானே என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. ஐந்து வாரம் அப்படியே போயிற்று.

ஐந்தாவது வாரக் கடைசியில் அவனே, "போதும்மா, நான் போயி காட்டிட்டு வரேன்" என்றான். நானும் கூடப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டிரெஸ்ஸர் இருக்கிறார், டாக்டருக்கு உதவியாக இருப்பவர், நரைத்த தலை, மெதுவாகப் பேசுகிறவர். இரண்டு காலையும் சேர்த்து நீட்டிப் படுக்கச் சொன்னார். இரண்டு சில்லையும் ஒரு பார்வை பார்த்தார். ஒன்று ஒரு இடத்தில், மற்றது அதற்கு மேலே. "தம்பி, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிக் காட்டும்" என்றார். நல்ல கால் தூக்கியது. மற்றக் கால் குதிகால்கூட மெத்தையை விட்டு எழும்பவில்லை. அவ்வளவுதான் மகனே, அவர் செய்த பரிசோதனை. அதை நான் என் வீட்டிலேயே, வாசலில் அத்தனை பேரை வைத்துக்கொண்டே, செய்து பார்த்திருக்கலாம். பிறகு வெள்ளைக்கார டாக்டர் வந்து படம் பிடித்துப் பார்த்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை. தொடைச் சதையின் பலத்தைச் சில்லு வழியாகக் கால் எலும்புக்குக் கொண்டு போகிற நாண் ஒன்று இருக்கிறதாம், சில்லுக்குக் கீழே. அதை நான் நரம்பு நரம்பு என்று தேய்த்திருக்கிறேன். அது அறுந்துவிட்டது என்றார்கள்.

"எத்தினை நாளாச்சுது?" என்று டிரெஸ்ஸர் கேட்டார். ஐந்து வாரம் என்றேன். "ஐஞ்சு கிழமையோ! முதல் கிழமை கொண்டு வந்திருந்தால் டொக்டர் ரெண்டு நுனியையும் சேர்த்துத் தைச்சிருப்பார். இப்ப ரெண்டும் சுருங்கி விலகிப் போச்சுதே. தொடையிலை இருந்து நாண் மாதிரி ஒரு பட்டி வெட்டி எடுத்து வைச்சுத் தைக்கப் பாக்கலாம், ஆனால் பழையபடி வருமெண்டு அவர் சொல்ல மாட்டார்" என்றார். பிறகு கட்டின தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆர் இதிலை கை வைச்சது? மடக்கிக் கட்டினது ஆர்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சூசை, "யாரும் கை வைக்கல சார். நானாத்தான் துணியைச் சுத்திக்கிட்டேன். அம்மா அன்னைக்கே போகச் சொன்னாங்க, நான்தான் சோம்பேறித்தனமா வூட்டுல கெடந்துட்டேன்" என்றான். டிரெஸ்ஸர் அவனை ஐந்து நிமிஷம் திட்டினார். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் திட்டு வாங்க விட்டேன்.

திரும்பும்போது ரிக்ஷாவில் நான் அழுதேன். "ஏம்மா அழுவுற? ஒன் கைக்குக் கெட்ட பேரு வந்துச்சுன்னா ஜெலுத்தோங் பூரா சுளுக்கோடதான் திரியணும்" என்றான். பட்டி வைத்துத் தைத்துக்கொள்ள அவன் சம்மதிக்கவில்லை. மாசக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்க வேண்டும், அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றதும் வேண்டாம் என்றுவிட்டான். உனக்கும் அதே பொய்யைத்தான் எழுதினான், நீ ரயிலேறியதும் அம்மா போகச் சொன்னாள், நான்தான் சோம்பலால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டேன் என்று. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டது நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை போய், தொங்காங்கில் கயிறு பிடிக்கிற லேசான வேலை கொடுத்தார்கள். ஒரு வருஷம் அதில் இருந்தான். அன்றைக்கு மழை. தொங்காங்குக்கும் படித்துறைக்கும் நடுவில் போட்ட பலகையில் வந்தவன் கடலில் விழுந்தான். முட்டி மடங்கிவிட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அலையில் தொங்காங் உருண்டது, நல்ல கால் இருந்தாலும் விழுந்திருப்பான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. ஏழு மாசமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியாது என்பதோடு இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று தெரியும். அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று நீ சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "அன்னைக்கே போயிருந்தா கால் கெட்டிருக்காது. சோம்பேறி. சோம்பேறிப் பய" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். இன்னும் உனக்கு அவன் மேல் அந்தக் கோபம் இருக்கிறது. சனிக்கிழமை வந்த கடிதத்தில்கூட, அவனை மாதிரி அசட்டையாக இருக்க மாட்டேன், உடனே உன்னைக் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை மகனே. அவன் அசட்டையாக இருக்கவில்லை. வலி வந்த அன்றே, நீ செய்கிற மாதிரியேதான், என்னைக் கூப்பிட்டான். உன் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தை எடுத்துவிடு. அது என்னுடையது. என்னிடம் கொடுத்துவிடு.

இன்னொரு ஒளிப்பும் உண்டு, அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். சூசை போன பிறகு நான் யாருக்கும் நீவுவதில்லை. வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "பாவம், ரெட்டையில ஒண்ணு போயிடுச்சுல்ல, கையில இருந்த வரமும் போயிடுச்சு" என்று செசீலி அக்கா எல்லாரிடமும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று இரக்கப்பட்டார்கள், கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஆனால் அது திரைக்குப் பின்னால். உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பெண்கள் எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது செசீலி அக்கா அதே பேச்சை எடுத்தாள். "வரம் போவலக்கா" என்றேன். "வரமே இல்ல. அவன் முட்டியில நாண் அந்து கெடந்துச்சு. அது சுளுக்கில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கட்டுனேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பல." செசீலி அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப எங் கழுத்து?" என்றாள். "அது தானா சரியாயிருக்கும்கா" என்றேன். "அடிப்பாவி" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. பிறகு என் முழங்கையைப் பிடித்து வீடுவரைக்கும் நடத்திக் கூட்டி வந்தாள். அதன் பிறகு இரண்டு பேர் என்னிடம் ஆப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான்.

திங்கட்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த டிரெஸ்ஸரிடம் போனேன். முதலில் சூசை சொன்ன பொய்யைத் திருத்தினேன். "எனக்கு அண்டைக்கே சந்தேகம் இருந்ததம்மா. தானே சுத்தின கட்டு அவ்வளவு வடிவாய் இருக்காது" என்றார். பிறகு நான் கேட்டேன், நான் தேய்த்ததால்தான் அறுந்ததா என்று. "தேய்ச்சதாலை மட்டும் அறுந்தது எண்டு நான் சொல்ல மாட்டன். நொந்த நாண், ஓய்வில்லாமல் குதிச்சுக் குதிச்சு நைஞ்சு போச்சுது. நீங்கள் தேய்ச்சு நோவை மரக்கப் பண்ணி, ஆடப் போகவிட்டீங்கள். அதுதான் பிழை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் அதைக் குறைத்துச் சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

உன்னைப் பற்றி நிறையக் கேட்டார். எந்த இடம் வலிக்கிறது, விழுந்தானா, வீங்கியதா, நடக்கும்போது முட்டி மடங்குகிறதா, சத்தம் ஏதும் கேட்டதா. கடிதத்தை வாங்கி அவரே படித்தார். உனக்கு நாண் அறுந்திருக்காது, அறுந்தவன் ஓட மாட்டான், நொந்திருக்கிறது என்றார். இது நல்ல செய்தி. இந்த நிலையிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டால் ஆறும். நீ செய்ய வேண்டியதை அவர் சொன்னபடி எழுதுகிறேன். ஓட்டமும் குதிப்பும் பந்தை உதைப்பதும் ஆறு வாரத்துக்கு இல்லை. அதற்காகக் கட்டிலில் கிடக்கவும் கூடாது, சமதரையில் நடக்கலாம், வேலைக்குப் போகலாம், குந்தி உட்காராதே. வலி ஓய்ந்த பிறகு காலை நேராக நீட்டித் தூக்கிப் பழக வேண்டும், நாளாக நாளாகக் கணுக்காலில் சின்ன மணல் பை கட்டித் தூக்க வேண்டும். தொடைச் சதை பலமானால் நாணுக்குப் பாரம் குறையுமாம். ஆட்டத்துக்குத் திரும்பும்போது ஒரே நாளில் பழைய மாதிரி எழும்பிக் குதிக்கக் கூடாது. தேய்ப்பது, இழுப்பது, மிதிப்பது எதுவும் வேண்டாம். இதை எல்லாம் என் வார்த்தைக்காகச் செய்யாதே, ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முட்டியைக் காட்டி, அவர் வேறு சொன்னால் அதைக் கேள். எப்போதாவது திடீரென்று சத்தம் கேட்டு விழுந்தால் காலை மடக்காதே, நீட்டியபடியே பலகை வைத்துக் கட்டச் சொல்லி அன்றைக்கே போ. மறுநாள் என்று வைக்காதே.

மூன்று வாரத்தில் வரும் ஆட்டம் உனக்கு இல்லை. இதைப் படிக்க உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் தலைவன் ஏதாவது சொல்வான், வெள்ளைக்கார அதிகாரி முகத்தைச் சுளிப்பான், ஒரு நொண்டிச் சாக்கு என்று நாலு பேர் பேசுவார்கள். வாசலில் நின்ற நாலு பேருக்காக நான் ஒரு காலைக் கெடுத்தேன். செசீலி அக்காவைத் தவிர அவர்களில் ஒருவர் பெயர்கூட இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நீ உன் காலை யாருக்காகவும் கொடுத்துவிடாதே. நான் உனக்குச் சொல்கிற புத்தி இது ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் ஆடாதே.

எனக்கு ஈப்போ வர ஆசைதான். நீ தனியாகச் சமைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, வேலைக்கு ஓடுகிறாய் என்று நினைத்தால் இங்கே சோறு இறங்கவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு என்னை நீ வரச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வருவேன். உனக்கு நாள் வேண்டுமானால் எடுத்துக்கொள். திட்டி எழுத வேண்டும் என்றால் திட்டி எழுது, உபதேசியாரிடம் கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். இப்போது ஒரு காரியம் மட்டும் தள்ளிப்போடாமல் செய். இந்தக் காகிதத்தைக் கீழே வை. பாயில் மல்லாந்து படு, இரண்டு காலையும் நீட்டு, முட்டியை மடக்காமல் வலது காலைத் தூக்கிப் பார். தூக்க வந்ததா இல்லையா என்பதை முதல் வரியில் எழுது. என் மேல் என்ன கோபம் இருந்தாலும் இரண்டாவது வரியிலிருந்து எழுது.

உன் அம்மா